குட்டைத் தோட்டா விட்டுப்போகும் வளையம்

சேலம் பக்கம் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். துப்பாக்கியில் 70 என்று அடித்திருக்கிறது, கடையில் 65 தான் இருந்தது, வாங்கிவிட்டேன், போட்டுச் சுடலாமா? சுடலாம். பன்னிரண்டு போர் (12 bore) ரவைத் துப்பாக்கியின் 70 மில்லிமீட்டர் சேம்பருக்குள் 65 மில்லிமீட்டர் தோட்டா தாராளமாக உட்காரும், வெடிக்கும், ரவையும் (சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) போகிற இடத்துக்குப் போகும். கேட்டவரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். இந்தப் பதிலின் மிச்சப் பாதி பல மாதம் கழித்துத்தான் தெரியவரும், அதே துப்பாக்கியில் 70 தோட்டா போடும் நாளில்.

சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை. குழலின் அடிப்பக்கம் தோட்டாவின் உறைக்கு ஏற்ற அகலத்தில் வெட்டியிருப்பார்கள். உறையின் வாய் முடியும் இடத்தில் அந்த அகலம் ஒடுங்கி, குண்டோ ரவையோ போகும் குழலின் அளவுக்கு வந்து சேரும். விசையை இழுத்ததும் உறைக்குள் வெடிமருந்து எரிந்து வாயு பெருகுகிறது. அந்த அழுத்தத்தில் உறை விரிந்து சேம்பர் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் தானே கொஞ்சம் சுருங்கும். அப்படிச் சுருங்குவதால்தான் சுட்ட உறையை வெளியே எடுக்க முடிகிறது. உறை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அதன் பின்னால் இருக்கும் இரும்பின் மேல் வாயு படுவதில்லை. சேம்பருக்கு உறைதான் காப்பு.

தோட்டா குட்டையாக இருந்தால் இந்தக் காப்பு பாதியிலேயே நின்றுவிடும். உறையின் வாய்க்கும் சேம்பரின் முனைக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இரும்பு வெறுமனே கிடக்கும். கொதிக்கும் வாயு அந்த இடத்தில்தான் முதலில் விரிகிறது, விரிந்ததும் சூடு தணிகிறது, தணியும்போது தன்னோடு கொண்டுவந்ததைச் சுவரில் விட்டுவிடுகிறது. கொண்டுவருவது என்னென்ன? எரிந்த மருந்தின் கரி, எரியாமல் மிஞ்சிய மருந்துத் துகள், குண்டின் அடியிலிருந்து உருகியும் ஆவியாகியும் வரும் ஈயம், ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்து வரும் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகியவற்றின் மிச்சம். எல்லாம் கலந்து அடுத்த வெடியின் சூட்டில் இறுகும். அதற்கடுத்த வெடியில் இன்னொரு படலம் ஏறும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் ஓடும் ஹீட்டர் காயிலில் உப்பு ஏறுகிற மாதிரிதான்: ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, ஒரு வருஷத்தில் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். படிவது எப்போதும் அதே இடத்தில் என்பதால் அது ஒரு வளையமாக நிற்கும். வளையத்தின் பின் விளிம்பு குட்டை உறையின் வாய் நின்ற இடத்தைக் கோடு போட்ட மாதிரி காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த வளையம் பேர்பெற்றது அமெரிக்க ரிவால்வர்களில். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1890களின் கடைசியில் வந்தது. அதன் உறை 29.3 மில்லிமீட்டர். 1930களின் நடுவில் அதையே நீட்டி .357 மேக்னம் என்று கொண்டுவந்தார்கள். உறை 33 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. பெயரில் எண் வேறாக இருந்தாலும் இரண்டின் குண்டும் ஒரே விட்டம்தான், உறையின் அகலமும் ஒன்றுதான். .357 ரிவால்வர் வைத்திருப்பவர் பயிற்சிக்கு விலை குறைந்த, உதைப்பும் குறைந்த .38 போட்டுச் சுடுவார். அப்புறம் ஒருநாள் .357 போடப் போனால் தோட்டா கடைசி மூன்று மில்லிமீட்டர் உள்ளே இறங்காமல் முரண்டு பிடிக்கும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த மூன்றரை மில்லிமீட்டர் வேண்டுமென்றே வைத்தது. .357 தோட்டாவின் அழுத்தம் .38 தோட்டாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மருந்தைக் கூட்டிப் போட உறைக்குள் ஏற்கெனவே இடம் இருந்தது, ஏனென்றால் .38 ஸ்பெஷலே கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்துப் பெரிய கொள்ளளவோடு வந்த உறை. ஆனாலும் உறையை நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வரின் சிலிண்டருக்குள் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) புதுத் தோட்டா போகவே கூடாது, போனால் சிலிண்டர் பிளந்துவிடும் என்பதுதான் காரணம். 1955ல் .44 மேக்னம் வந்தபோது .44 ஸ்பெஷலின் உறையையும் அதே நோக்கத்தில் நீட்டினார்கள். நெட்டைத் தோட்டா குட்டை அறைக்குள் போகாது, குட்டைத் தோட்டா நெட்டை அறைக்குள் போகும்: இது பூட்டு போல வேலை செய்யும் ஏற்பாடு. கசடு வளையம் அந்தப் பூட்டுக்கு நாம் கட்டும் வாடகை. இந்தக் கோணத்திலிருந்து பார்க்காமல் "தோட்டா கம்பெனிக்காரன் சரியில்லை" என்று திட்டுபவர்கள் உண்டு. திட்டிவிட்டுப் போகட்டும்.

வளையம் இருக்கும் அறைக்குள் .357 தோட்டாவைக் கட்டை விரலால் அழுத்தி உட்காரவைத்துச் சுட்டால் என்ன ஆகும்? இங்கேதான் அழுக்கு என்ற பேச்சு ஆபத்து என்ற பேச்சாக மாறுகிறது. வெடிக்கும்போது உறையின் வாய் சற்று விரிந்துதான் குண்டை விடுவிக்கிறது. வாயைச் சுற்றி இறுகிய கசடு இருந்தால் விரிய இடமில்லை. குண்டு கிளம்பத் தாமதமாகும் அந்தக் கணத்தில் அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது வளையத்தின் கனத்தைப் பொறுத்தது. லேசான படிவு என்றால் ஒன்றும் நடக்காது, கையால் தள்ளியும் இறங்காத அளவுக்குக் கனத்த படிவு என்றால் விஷப்பரீட்சை. சுட்ட பிறகு இன்னொரு தொல்லை: விரிந்த உறை கசட்டின் மேல் அப்பிக்கொள்ளும், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரை உள்ளங்கையால் அடித்தாலும் அசையாது. ஆறு அறையில் நான்கு உறை வந்து இரண்டு மட்டும் உள்ளே நின்றால் அந்த இரண்டில் வளையம் கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாத் தோட்டாவும் ஒரே அளவு கசடு விடுவதில்லை. செம்பு உறையிட்ட குண்டு குறைவாகவும், வெறும் ஈயக் குண்டு மிக அதிகமாகவும் விடும். மருந்து குறைவாகப் போட்ட மெதுவான தோட்டாவில் உறை சுவரோடு சரியாக ஒட்டும் அளவுக்கு அழுத்தம் வராது. வாயு உறையின் பக்கவாட்டில் பின்னோக்கிக் கசியும். வெளியே எடுத்த உறையின் ஒரு பக்கம் கரி பூசியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஆக, மெதுவான, மலிவான, ஈயக் குண்டுப் பயிற்சித் தோட்டாதான் மோசமான குற்றவாளி. அதைத்தான் எல்லாரும் அதிகமாகச் சுடவும் செய்கிறார்கள்.

.22 ரைஃபிளிலும் இதே கதை. .22 ஷார்ட் 1857ல் வந்தது, உறை 10.7 மில்லிமீட்டர். .22 லாங் ரைஃபிள் 1887ல் வந்தது, 15.6 மில்லிமீட்டர். இடைவெளி ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர், அந்தச் சின்னத் தோட்டாவுக்கு அது பெரிய தூரம். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் பலூன் சுடுகிற கடையில் இருப்பது ஏர்கன், அதற்குச் சேம்பரும் இல்லை, இந்தக் கவலையும் இல்லை. அமெரிக்கத் திருவிழாக்களில் ஒரு காலத்தில் நிஜமான .22 ஷார்ட் தோட்டாவையே சுடக் கொடுத்தார்கள். அதற்கென்று ஷார்ட்டுக்கு மட்டும் சேம்பர் வெட்டிய ரைஃபிள்களைத் தனியாகச் செய்து விற்றார்கள். ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலுக்கும் 2004 ஏதென்ஸ் வரை .22 ஷார்ட்தான் வழக்கம். அடுத்த வருஷம் விதி மாறி லாங் ரைஃபிளுக்கு வந்தது. அந்தப் பிஸ்டல்களின் சேம்பரும் ஷார்ட் அளவுக்கே வெட்டியது. ஷார்ட்டைச் சுடுவது தவறில்லை, ஒரே சேம்பரில் இரண்டையும் கலப்பதில்தான் வளையம் பிறக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாங் ரைஃபிள் தோட்டாவை அதற்கே உரிய சேம்பரில் சுட்டாலும் வாய்க்கு நேர் முன்னால் மெல்லிய கரி வளையம் வரத்தான் செய்கிறது. .22 தோட்டாவின் மெழுகு குண்டுக்கு வெளியே பூசியிருப்பதால் அப்படி. பந்தயத்துக்குச் சுடுபவர்கள் அதைத் தேடிப் பிடித்துத் துடைப்பார்கள். அளவு பொருந்தினால் வளையமே வராது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது நம் ஊர்ப் பன்னிரண்டு போருக்கு வருவோம். ரிவால்வரில் பார்த்த பூட்டு இதில் வேலை செய்யாது, அது முக்கியமான வித்தியாசம். 65, 70, 76 என்று பெட்டியில் போடுவது சுட்டு வாய் விரிந்த பிறகு உறைக்கு இருக்கும் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடித்திருக்கும், அதனால் 70 தோட்டா கையில் இருக்கும்போது 60 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியின் 65 சேம்பருக்குள் அது எந்த முரண்டும் இல்லாமல் போய் உட்காரும். துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடித்ததும் மடிப்பு விரிந்து சேம்பர் முடிந்து ஒடுங்குகிற கூம்புக்குள் வாய் நீட்டும், ரவையும் அதன் பின்னால் இருக்கும் வாடு என்ற அடைப்பும் அந்த நெருக்கலைத் தாண்ட வேண்டும், அழுத்தம் எகிறும். காப்பித் தோட்டங்களில் தலைமுறையாக இருந்துவரும் ரெட்டைக் குழல்களில் இரண்டரை அங்குல, அதாவது 65 சேம்பர் சகஜம். குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் அடித்தட்டையில் புரூஃப் (அழுத்தச் சோதனை) முத்திரைகளோடு 2½ என்று அடித்திருப்பதைப் பலவற்றில் பார்க்கலாம். அதற்குள் 70 போடவே கூடாது. "போகுதே" என்பது பதிலாகாது.

குட்டையை நெட்டையில் போடும் மறுபக்கத்துக்கும் இதே மடிப்புதான் காரணமாக நிற்கிறது. ரிவால்வரில் வளையம் இருந்தால் நெட்டைத் தோட்டா உள்ளே போகும்போதே தடுக்கும், எச்சரிக்கை முதலிலேயே கிடைத்துவிடும். ரவைத் துப்பாக்கியில் சுடாத 70 தோட்டா வளையம் இருக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை. விரியும்போதுதான் தொடும். எச்சரிக்கை சுட்ட பிறகு வருகிறது.

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இதை நேரில் பார்க்க வாய்த்தது. காட்டுப் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி. வருஷக்கணக்காக 65 மட்டுமே சுட்டுவந்த 70 சேம்பர் துப்பாக்கி, அன்று முதல் தடவையாக 70 போட்டிருந்தார்கள். குழலை மடக்கியதும் உறையை வெளியே தூக்கும் எக்ஸ்ட்ராக்டர் வந்தது, உறை வரவில்லை.

"மாமா, விளிம்பைத் தாண்டி நகம் வழுக்குது, உறை அசையல."

"முரட்டுத்தனமா இழுக்காதப்பா. விளிம்பு பிஞ்சிட்டா அப்புறம் சேலத்துக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்."

பக்கத்துக் குழல் காலி என்று பார்த்துக்கொண்டு, முனையிலிருந்து மரக்கோல் ஒன்றை விட்டு மெதுவாகத் தட்டியதும் உறை கழன்று விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் முழுக்க அதில் எழுதியிருந்தது. வாயிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரைக்கும் பிளாஸ்டிக்கில் நீள நீளமான கீறல்கள், கீறலுக்குள் கரி. அதற்குக் கீழே உறை பளபளவென்று சுத்தம். பெரியவர் பழைய 65 உறை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதே குழலில் போட்டார், தானே இறங்கியது, குழலைத் தூக்கியதும் தானே விழுந்தது. இப்போது கழன்ற 70 உறையைத் திரும்ப விட்டார், கடைசி ஐந்து மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் பழுப்பும் கறுப்புமாக ஒரு பட்டை. பஞ்சு சுற்றிய குச்சியைச் சுவரோடு இழுத்தால் அங்கே மட்டும் பிடிக்கிறது. அளக்கும் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, சுட்ட உறைகள் இரண்டே போதுமாக இருந்தது. வீட்டில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே வழிதான்: காலி உறை, காலித் துப்பாக்கி.

ரவைத் துப்பாக்கியில் இந்த வளையத்தை நினைத்து ரொம்பவும் மிரள வேண்டியதில்லை. அழுத்தம் ரிவால்வரை விட மிகக் குறைவு. உறையின் வாய் மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் லேசான படிவின் மேல் வழுக்கி ஏறிவிடும். உறை சிக்குவதுதான் பெரும்பாலும் தொல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், 70 சேம்பரின் கடைசி ஐந்து மில்லிமீட்டரைக் கசடு அடைத்திருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக 65 சேம்பராக மாறிக்கொண்டிருக்கிறது. படலம் தடித்துத் துருவும் சேர்ந்துகொண்டால் நெட்டைத் தோட்டாவைக் குட்டை அறையில் சுடுவதன் சாயல் அதற்கு வந்துவிடும்.

வாடு என்ற சமாச்சாரமும் இதில் உண்டு. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு அது. பழைய தோட்டாவில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி), அட்டை. இப்போது பிளாஸ்டிக் கிண்ணம். 65 உறையை விட்டு வெளிவரும் வாடு ஐந்து மில்லிமீட்டர் தூரம் தன்னைவிட அகலமான இடத்தைத் தாண்ட வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். ஃபெல்ட் வாடு அடைக்காது, வாயு ஓரத்தில் புகுந்து முன்னே ஓடும். பிளாஸ்டிக் வாடுக்கும் ஒரு குறை: கூம்பில் உரசி மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு விடும், கரி அதன் மேல் ஒட்டும். பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட அந்தப் போட்டியில் 24 கிராம் ரவை, 70 மில்லிமீட்டருக்கு மேல் போகாத உறை என்பது கணக்கு. ஒரு பயிற்சி நாளில் அவர்கள் சுடுவதை நம் எஸ்டேட்காரர் ஆயுசுக்கும் சுடமாட்டார். ஆனாலும் ஒரே நீளத் தோட்டாவை அதற்கான சேம்பரில் சுட்டு, அன்றன்றைக்குத் துடைப்பதால் வளையத்துக்கு வளர நேரமில்லை.

நேரம்தான் இதில் மறைந்திருக்கும் சரக்கு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி எஸ்டேட் பங்களாவின் அறைக்குள்ளேயே வந்து உட்காரும். கரிப் படிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தின் அடியில் இரும்பு குழி குழியாகத் துருப்பிடிக்கும். காகித உறைத் தோட்டா இருந்த காலத்தில் தோட்டாவே ஈரத்தில் ஊதிப்போய்ச் சேம்பரில் சிக்கும் என்பார்கள். பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது, கரியின் தொல்லை தீரவில்லை. மிகப் பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது, அது எரிந்து விடும் பொட்டாசியம் குளோரைடு நம் சாப்பாட்டு உப்பின் பங்காளி. எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அந்தக் காலத்து ஆட்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அறியாமையில்லை, சரியான வேதியியல். மலையில் இன்னமும் லைசன்ஸோடு இருக்கும், குழலின் முனை வழியாக வெடிமருந்து இடும் ஒத்தைக் குழல்களுக்கு இன்றைக்கும் வெந்நீர்தான் சரி. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கிவிடும். அதற்கு உறையும் கிடையாது, சேம்பரும் கிடையாது, குழல் முழுக்கவே அழுக்குதான்.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெயைத் தேடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சேலத்து வெயிலில் அது எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைந்துவிடும், மார்கழி ஏற்காட்டில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் கொட்டாது. சேம்பரில் உறைந்து நின்று கரியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நாளாக நாளாகப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ தேவலை.

அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசன்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16ல் நடத்தை விதி வந்தது, ஜூன் 4ல்தான் வாக்கு எண்ணிக்கை. அந்த இரண்டரை மாதமும் துப்பாக்கி அதன் பைக்குள்ளேயே கிடக்கும், யாரும் திறந்து எண்ணெய் போடப் போவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. அவசரத்தில் துடைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குத் திரும்ப வரும்போது வளையத்தோடு துருவும் சேர்ந்து கிடைக்கும். ஒப்படைக்கப் போகிற முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்கினால் இது வராது.

துடைப்பதில் பெரும்பாலோர் சறுக்குவது பிரஷ்ஷின் அளவில். பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் அளவு. சேம்பரோ முன் முனையிலேயே 20 மில்லிமீட்டருக்கு மேல். குழலுக்கு வாங்கிய பிரஷ்ஷைச் சேம்பர் வழியாக விட்டு இழுத்தால் அது வளையத்தை உரசாமலே போய்விடும், குழல் மின்னும், சேம்பரில் வளையம் அப்படியே இருக்கும். சேம்பருக்கென்று தடித்த பிரஷ் தனியாக வருகிறது. .357 சிலிண்டருக்கும் இதே கதைதான்: .38 பிரஷ் போதாது, ஒரு சைஸ் கூட்டி .40 பிரஷ் போடுவார்கள். வெண்கல முடி பிரஷ் வேண்டும், இரும்பு முடி வேண்டாம். கசடைக் கரைக்கும் சால்வென்ட் போட்டு ஊறவைத்து, பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுப்பதோடு அந்த இடத்தில் நிறுத்தித் திருக வேண்டும். இறுகிய ஈயத்துக்குப் பிரஷ் முடியில் சுத்தமான செம்பு நார் கொஞ்சம் சுற்றிக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் நாரில் செம்பு முலாம் பூசிய இரும்பும் விற்கிறார்கள், காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வரும் கறுப்பில் ஈயம் இருக்கிறது என்பதால் சமையல் கட்டில் வைத்துச் செய்ய வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. அமெரிக்க ரிவால்வர்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு: சுட்ட .357 உறையின் வாயைக் கொஞ்சமாக விரித்து அதையே சுரண்டியாகச் சேம்பருக்குள் தள்ளுவார்கள். பித்தளை இரும்பைவிட மெத்து என்பதால் சேம்பருக்குக் கெடுதல் இல்லை, கசடு மட்டும் உதிரும்.

எமரி பேப்பர் பக்கமே போகக் கூடாது. லேத் பட்டறைக்கும் போகக் கூடாது. சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, துளையைக் குடையும் ரீமர் விட்டு இரண்டு நிமிஷத்தில் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று சொல்லக்கூடிய கைகாரர்களும் இருக்கிறார்கள். 65 சேம்பரையே 70 ஆக்கித் தருகிறேன் என்றும் சொல்வார்கள். சேம்பர் சுவரின் கனம் குறைந்த துப்பாக்கியைத் திரும்பவும் புரூஃப் சோதனை செய்யாமல் சுடுவது உயிரோடு விளையாடுவது. சட்டமும் விடாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி லைசன்ஸ் வேண்டும். பட்டறைக்காரரிடம் அது இருக்காது.

குட்டை நெட்டை என்று பேசும்போது எல்லாக் குட்டையும் எல்லா நெட்டைக்கும் உறவு என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் லைசன்ஸ் வாங்குபவர்களிடம் அதிகமாகப் பழக்கத்தில் இருப்பது .32. ஆனால் .32 ரிவால்வருக்கு வருவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், உறை 23 மில்லிமீட்டர் சொச்சம். .32 பிஸ்டலுக்கு வருவது .32 ஏசிபி, உறை 17 மில்லிமீட்டர் சொச்சம். பிஸ்டல் தோட்டா குட்டை, ரிவால்வருக்குள் போகிறது, அதனால் போடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இவை இரண்டும் ஒரு குடும்பமில்லை. பிஸ்டல் தோட்டாவின் விளிம்பும் வேறு மாதிரி, அழுத்தமும் கூடுதல், அந்த ரிவால்வருக்கு வகுத்த அழுத்தத்தைத் தாண்டும். .22 லாங் ரைஃபிளும் .22 மேக்னமும் அப்படியே: மேக்னத்தின் உறை அகலமானது, அதற்குள் லாங் ரைஃபிளைப் போட்டால் உறை விரிந்து பிளக்கும். ஒரே அகல உறையை நீட்டிப் பிறந்த தோட்டாக்களுக்குள் மட்டும்தான் குட்டையை நெட்டையில் போடலாம் என்ற பேச்சே. .38 ஸ்பெஷலும் .357ம், .44 ஸ்பெஷலும் .44 மேக்னமும், .22 ஷார்ட்டும் லாங் ரைஃபிளும், பன்னிரண்டு போரின் 65ம் 70ம்.

கடைசியாக, சுத்தம் செய்த பிறகும் போகாத வளையம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை வாயு அடித்தால் இரும்பே தேய்ந்து பள்ளம் விழும், துருக்குழி ஏற்கெனவே இருந்தால் இன்னும் சீக்கிரம். திருவிழாக் கடைகளில் ஷார்ட்டைச் சுட்டுத் தள்ளிய லாங் ரைஃபிள் சேம்பர் ரைஃபிள்களில் இது நடந்திருக்கிறது. பார்வைக்குக் கசடு மாதிரியே தெரியும், ஆனால் கசடு உள்நோக்கிப் புடைக்கும், தேய்மானம் வெளிநோக்கிக் குழியும். இரண்டையும் பிரித்துச் சொல்வது சுட்ட உறைதான். சேம்பரைப் பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடைத்துவிட்டு நெட்டைத் தோட்டா ஒன்றைச் சுட்டு, உறையை விரல் நுனியில் உருட்டிப் பார்க்க வேண்டும். வாய்க்குக் கீழே கீறலோ பள்ளமோ இருந்தால் கசடு இன்னும் மிச்சமிருக்கிறது, திரும்ப ஊறவைக்கலாம். உறையைச் சுற்றி மெல்லிய மேடு எழும்பியிருந்தால் உறை இரும்பின் பள்ளத்துக்குள் விரிந்திருக்கிறது. அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, குழலையோ சிலிண்டரையோ மாற்றும் வரை அதில் நெட்டைத் தோட்டா போடுவதை நிறுத்த வேண்டியதுதான்.